வீல்சேரில் ஒருவர் எதிரே வந்தால் என்ன செய்வது?

லிஃப்ட் கதவு திறக்கிறது. உள்ளே நீங்கள் நிற்கிறீர்கள், வெளியே நான் வீல்சேரில். அடுத்த இரண்டு விநாடிகளில் உங்கள் முகத்தில் என்னென்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். கண் முதலில் என் காலுக்குப் போகும். நான் அதைக் கவனித்துவிட்டேன் என்று தெரிந்ததும் சட்டென்று மாடி எண்களுக்குத் தாவும். அப்புறம் ஒரு அவசரச் சிரிப்பு. இல்லையென்றால் கை போனைத் தேடும்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. 29 வயதுவரை நானும் லிஃப்டுக்குள் நின்றவள்தான். அப்போது எங்கள் கட்டடத்தில் இரண்டு ஊன்றுகோல்களோடு நடக்கும் ஒருவர் இருந்தார். அவர் கீழே லிஃப்டுக்குக் காத்திருப்பது தெரிந்தால், நான் தபால் பெட்டியில் எதையோ தேடுவதுபோல் நின்று, அவர் மேலே போனபிறகு போவேன். அவர்மேல் எனக்கு வெறுப்பு எதுவும் கிடையாது. எங்கே பார்ப்பது, என்ன பேசுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். மூன்று வருடம் ஒரே கட்டடத்தில் இருந்தும் அவர் பெயர் எனக்குத் தெரியாது. பிறகு ஒரு சாலை விபத்தில் என் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் போயின. இப்போது 11 வருடமாக, மற்றவர்கள் என்னைக் கண்டதும் தபால் பெட்டியைத் தேடுவதை நான் பார்க்கிறேன்.

இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவள் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன். உடல் குறைபாடு உள்ள ஒருவரைப் பார்த்ததும் உங்களுக்கு ஒரு சங்கடம் வந்தால், அதற்காக உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். பலருக்கும் அது கேட்காமலே வருகிறது. ஆனால் அந்தச் சங்கடம் உங்களுடையது. அதைக் கொண்டுவந்து என் மடியில் இறக்கி வைக்காதீர்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே அதற்கான வழிகள்தான். இது என்றோ ஒருநாள் தேவைப்படும் பாடமும் இல்லை. உலகில் சுமார் 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடல் அல்லது மனக் குறைபாட்டோடு வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

எங்கே பார்ப்பது?

"அப்படிப் பார்க்கக் கூடாது" என்று சின்ன வயதில் நம் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் நாம் கற்றது கண்ணைத் திருப்பிக்கொள்ள மட்டும்தான். 1976இல் எல்லன் லாங்கர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காலில் தாங்குபட்டை கட்டிய ஒருவரைச் சந்திக்கப் போகிறவர்களில் சிலருக்கு மட்டும், ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அவரை முன்கூட்டியே பார்க்க வாய்ப்புக் கொடுத்தார்கள். அப்படிப் பார்த்துவிட்டு வந்தவர்கள், பார்க்காமல் வந்தவர்களைவிட அவருக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார்கள். நாம் விலகிப் போவதற்குக் கண் பழகாததே ஒரு பெரிய காரணம். கண் பழகிவிட்டால் உடம்பும் தளர்ந்துவிடுகிறது.

ஆகவே முகத்தைப் பாருங்கள். "எந்த மாடி?" என்று கேளுங்கள். பேசும்போது கண் ஒருமுறை நாற்காலிக்குப் போனால் போகட்டும், திரும்ப முகத்துக்கு வந்தால் போதும். நீண்ட நேரம் பேசுவதாக இருந்தால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். அண்ணாந்து பார்த்தே அரைமணி நேரம் பேசினால் எனக்குக் கழுத்து வலித்துவிடும். குழந்தைக்கு எதிரே குந்துவதுபோல மட்டும் குந்தாதீர்கள்.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு காத்திருப்பு அறையில் நான்கு வயதுப் பையன் ஒருவன் என் முன்னால் வந்து நின்று, "உங்க கால் ஏன் ஆடவே மாட்டேங்குது?" என்று கேட்டான். அவன் அம்மா ஓடிவந்து, கையில் ஒரு அடி வைத்து, அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அவன் கற்றுக்கொண்டது என்ன? என்னைப் பற்றிப் பேசுவதே தப்பு என்பதைத்தான். வேறொரு நாள், வேறொரு சிறுமி அதே கேள்வியைக் கேட்டபோது அவள் அப்பா, "அவங்க சொல்ல விரும்பினா சொல்வாங்க, அவங்களையே கேளு" என்றார். "கால் வேலை செய்யாது, அதனால சக்கரத்துல போறேன்" என்றேன். "பிரேக் இருக்கா?" என்றாள். காட்டினேன். இரண்டு தடவை போட்டு எடுத்துப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். உங்கள் குழந்தை கேட்டால் நீங்கள் அந்த அப்பாவைப்போல இருங்கள்.

பெரியவர்கள் விஷயம் வேறு. "என்ன ஆச்சு?" என்பதை முதல் ஐந்து நிமிடத்துக்குள் கேட்காதீர்கள். என் வாழ்க்கையின் மிக மோசமான நாளைப் பற்றிப் பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம் ஏன் சொல்ல வேண்டும்? அதிலும் கழிப்பறைக்கு எப்படிப் போவேன், கல்யாணம் ஆகிவிட்டதா, ஆகியிருந்தால் அது எப்படி என்றெல்லாம் கேட்பவர்கள் உண்டு. நடந்து போகும் ஒரு அந்நியரிடம் கேட்கமாட்டீர்கள் என்றால் என்னிடமும் கேட்காதீர்கள். பழகியபிறகு நானே சொல்வேன்.

உதவி

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனது உள்ளவர்கள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள்.

ஒருமுறை ஒரு சாய்தளத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் செங்குத்து, மெதுவாகத்தான் ஏற முடியும், ஆனால் தினமும் ஏறுவதுதான். பின்னாலிருந்து யாரோ வந்து சொல்லாமல் கொள்ளாமல் கைப்பிடியைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினார். என் விரல்கள் சக்கர வளையத்தில் இருந்தன. வலது ஆட்காட்டி விரல் கம்பிக்குள் போய், நகம் பாதி பெயர்ந்துவிட்டது. மேலே போனதும் அவர் முன்னால் வந்து திருப்தியோடு சிரித்தார். நான் விரலைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு நன்றி சொன்னேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கைக்கும் தோளுக்கும்தான் எனக்கு வேலை. ஒரு விரல் போனால் இரண்டு வாரம் நான் வெளியே போக முடியாது.

ஒருவர் சிரமப்படுவதுபோல் தெரிந்தால் முதலில் அவர் கண்ணில் படும்படி முன்னால் வாருங்கள். "உதவி வேணுமா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள். "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். அதற்குள் பணிவோ பிகுவோ எதுவும் ஒளிந்திருக்காது. "ஆமாம்" என்றால் அடுத்த கேள்வி, "எப்படிச் செய்யணும்?" இந்த இரண்டாவது கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. பல வீல்சேர்களில் கைவைக்கும் பகுதியும் கால்வைக்கும் பகுதியும் கழற்றி மாட்டுபவை. அவற்றைப் பிடித்துத் தூக்கினால் அவை மட்டும் உங்கள் கையோடு வந்துவிடும், நான் கீழே கிடப்பேன். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள் தரையில் ஒரு விரிசலில் சிக்கினால் போதும், வேகமாகத் தள்ளப்பட்ட நாற்காலி நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் போய் விழுவார். ஒரு படி கீழே இறக்க வேண்டுமென்றால் நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் இறங்கும்படி பின்பக்கமாக இறக்குவதுதான் பாதுகாப்பு. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எனக்குத் தெரியும். கேட்டால் சொல்வேன்.

இன்னொன்று. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவ்வப்போது இரண்டு கைகளையும் ஊன்றி என் உடம்பைக் கொஞ்சம் தூக்குவேன். உணர்வில்லாத இடத்தில் தொடர்ந்து அழுத்தம் இருந்தால் படுக்கைப் புண் வந்துவிடும், அதற்காக. ஒவ்வொரு புது இடத்திலும் யாராவது ஒருவர், நான் எழ முயன்று தவிப்பதாக நினைத்து, பாய்ந்து வந்து தோளைப் பிடிப்பார். உதவி செய்துவிட்டால் நம் மனது சமாதானம் ஆகிவிடுகிறது. சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ள அதுதான் நமக்குச் சுலபமான வழி. அதனால்தான் கேட்பதற்கு முன்னாலேயே கை நீள்கிறது. அந்தக் கையை ஒரு நொடி நிறுத்துங்கள்.

பார்வையில்லாதவர்களிடமும் இதே கதைதான். என்னோடு வேலை செய்யும் ஒருவர், சாலையைக் கடக்கும்போது தன் வெள்ளைக்கோலையே பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்பார். அது அவருடைய கண்ணைப் பிடித்து இழுப்பதுபோல. நீங்கள் அவரைப் பிடிக்காதீர்கள், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். அரை அடி முன்னால் நடங்கள், படி வந்தால் ஏறுவதா இறங்குவதா என்று சொல்லுங்கள். வந்ததும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், போகும்போது போவதைச் சொல்லுங்கள். இல்லையென்றால் காலி இடத்தோடு அவர் பேசிக்கொண்டிருப்பார். காது கேளாதவரிடம் கத்த வேண்டாம், கத்தினால் உதட்டசைவு மாறிப்போகும். வாயை மறைக்காமல், வெளிச்சத்தைப் பார்த்து நின்று பேசுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தாலும் பார்வை காது கேளாதவர்மேல்தான் இருக்க வேண்டும். திக்கிப் பேசுபவரின் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். பேச்சு தெளிவில்லாத ஒருவர் சொன்னது புரியவில்லை என்றால், புரிந்ததுபோல் தலையாட்டுவதைவிட "புரியலை, இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்பதே மரியாதை.

"அவங்களுக்கு என்ன வேணும்?"

என் அக்காவோடு வெளியே போனால் இந்தக் கேள்வி அக்காவிடம்தான் வரும். நான் பக்கத்திலேயே இருப்பேன், என் பணம் என் கையில் இருக்கும். ஒருவருடைய ஒரு குறையை அவர் முழுவதுக்கும் பரப்பிவிடுகிறோம் என்று உளவியலாளர் பியாட்ரிஸ் ரைட் எழுதியிருக்கிறார். கால் நடக்காது என்றால் காதும் கேட்காது, மூளையும் மந்தம் என்று மனது தானாகக் கூட்டிக்கொள்கிறது. என்னிடம் சத்தமாக, இடைவெளி விட்டு விட்டுப் பேசுபவர்கள் அதனால்தான் அப்படிப் பேசுகிறார்கள்.

கூட வருபவருக்கும் இதில் வேலை இருக்கிறது. முதலில் அக்கா எனக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்ப்பாள். கேட்டவரின் பார்வையும் தானாக என் பக்கம் திரும்பிவிடும். சண்டை போடுவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

என்னை மறுத்துப் பேசுங்கள்

மறுபடி வேலைக்குப் போன முதல் ஆறு மாதம் நான் சொன்ன எல்லாமே சரியாக இருந்தன. எந்தக் கூட்டத்திலும் யாரும் என்னை எதிர்த்துப் பேசவில்லை. ஒரு அறிக்கையில் ஒரு முழு வரிசையை இரண்டு தடவை கூட்டியிருந்தேன். ஒன்பது பேர் அதைப் பார்த்து "ரொம்ப நல்லா இருக்கு" என்றார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன்தான், "இந்தக் கணக்கு தப்பு மேடம், இதை எப்படி அனுப்பினீங்க?" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

இதுவும் எனக்கு மட்டும் நடந்ததில்லை. 1966இல் ராபர்ட் கிளெக்கும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வில், கால் இழந்தவர்போல் வீல்சேரில் உட்கார்ந்திருந்த ஒருவரோடு பேசியவர்கள் சீக்கிரமாகப் பேச்சை முடித்துக்கொண்டார்கள். தங்கள் உண்மையான கருத்திலிருந்து விலகிய கருத்துகளையே சொன்னார்கள். எதிரே இருப்பவர் மனது நோகக் கூடாது என்று நினைத்தே பொய்யான ஆளாகிவிடுகிறோம். அப்படி எல்லோரும் ஆகிவிட்டால், என்னோடு உண்மையாகப் பேச ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

பாராட்டும் இதே வகைதான். காலையில் எழுந்து குளித்து அலுவலகம் வந்ததற்காக என்னைப் பாராட்டுகிறார்கள். ஸ்டெல்லா யங் என்ற ஆஸ்திரேலியப் பெண், தானும் வீல்சேரில் இருந்தவர், 2014இல் ஆற்றிய உரையில் இதைத்தான் கேட்டார்: உங்களுக்கு ஊக்கம் தருவதற்காகவா நாங்கள் இருக்கிறோம்? என் வேலை நன்றாக இருந்தால் வேலையைப் பாராட்டுங்கள். எது நன்றாக இருந்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

"நானா இருந்தா செத்தே போயிருப்பேன்"

இதை என் முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் பலர். புகழ்ச்சியாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். 1999இல் கேரி ஆல்பிரெக்ட், பாட்ரிக் டெவ்லீகர் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மிதமான அல்லது கடுமையான குறைபாடு உள்ளவர்களில் 54 சதவீதம் பேர் தங்கள் வாழ்க்கைத் தரம் நன்றாகவோ மிக நன்றாகவோ இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வெளியே இருந்து பார்ப்பவர்கள் அதை நம்பவே மாட்டார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நீங்கள் கற்பனை செய்வது முதல் நாளை. நான் வாழ்வது பதினோராவது வருடத்தை. முதல் நாள் எனக்கும் சாக வேண்டும்போலத்தான் இருந்தது. அந்த ஆய்வில் மீதிப் பேர் வாழ்க்கை நன்றாக இருப்பதாகச் சொல்லவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. வலி, வருமானம், கூட ஆள் இல்லாதது, இவையெல்லாம் ஒருவரை நிஜமாகவே நொறுக்கும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து பார்ப்பது, வீல்சேரில் ஒரு நாள் உட்கார்ந்து பார்ப்பது போன்ற நிகழ்ச்சிகளைப் பற்றி யாராவது என்னிடம் யோசனை கேட்டால், வேண்டாம் என்பேன். பார்வையற்ற ஆய்வாளரான ஏரியல் சில்வர்மனும் சகாக்களும் 2015இல் காட்டியது இதுதான்: கண்ணைக் கட்டிப் பார்த்தவர்கள், பார்வையில்லாதவர்களால் தனியாக வாழவோ வேலை செய்யவோ முடியும் என்பதை, கண்ணைக் கட்டிப் பார்க்காதவர்களைவிடக் குறைவாகவே நம்பினார்கள். அவர்கள் அனுபவித்ததும் முதல் நாளைத்தான். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பார்வையில்லாத ஒருவரையே கூப்பிட்டு, அவர் தொழிலைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மாற்றுத்திறனாளி என்பதா, ஊனமுற்றவர் என்பதா என்று கேட்பவர்களிடம், என் பெயரைச் சொல்லுங்கள் என்பேன். வேறொருவருக்கு வேறு சொல் பிடிக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். "நொண்டிச் சாக்கு", "செவிடன் காதில் ஊதிய சங்கு" போன்றவற்றை நாம் யோசிக்காமலே சொல்கிறோம். யோசித்தால் வேறு சொல் கிடைக்கும். "பாவம்" என்பதை மட்டும் தயவுசெய்து என் காதுபடச் சொல்லாதீர்கள்.

உங்கள் நண்பருக்கே இது நேர்ந்தால்

முதல் வாரம் மருத்துவமனையில் நிற்க இடமில்லாத கூட்டம். மூன்றாவது மாதம் ஒருவரும் இல்லை. அழுதுவிட்டுப் போனவர்கள் பிறகு வரவேயில்லை. என்னைப் பார்ப்பதை அவர்களால் தாங்க முடியவில்லை என்று அப்புறம் கேள்விப்பட்டேன். ஒருத்தி மட்டும் சனிக்கிழமை தவறாமல் வந்தாள். முதல் நாள் வந்தபோது, "என்ன சொல்றதுன்னே தெரியலைடி, ஆனா அடுத்த வாரமும் வருவேன்" என்றாள். என் கை நகங்களை வெட்டிவிட்டு, அலுவலகத்தில் யார் யாரோடு பேசுவதில்லை என்ற கதையையெல்லாம் சொல்வாள். எல்லாம் நன்மைக்குத்தான் என்றோ, கடவுள் சோதிக்கிறார் என்றோ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நீங்கள் போவதென்றால் மூன்றாவது மாதம் போங்கள். கையோடு ஒரு வேலையை எடுத்துக்கொண்டு போங்கள்.

வீட்டுக்குத் திரும்பிய அன்று லிஃப்ட் பக்கத்தில் அந்த ஊன்றுகோல்காரர் நின்றிருந்தார். நான்தான் தரையைப் பார்த்தேன். அவர் என் நாற்காலியை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, "முன்சக்கரத்துல முடி சுத்திக்கும். வாரம் ஒருக்கா கத்தரிக்கோல் வெச்சு எடுத்து விடுங்க, இல்லைன்னா இழுக்கும்" என்றார். அன்றுதான் அவர் பெயரைக் கேட்டேன்.

தப்பாகிவிட்டால்

என் பக்கத்துத் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். அதே கிளெக் 1980இல் ஏஞ்சலோ ஸ்ட்ரென்டாவோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். சிலருடைய முகத்தில் தழும்புபோல ஒப்பனை செய்து கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, ஒப்பனை காயாமல் இருக்க ஏதோ பூசுவதாகச் சொல்லி, அவர்களுக்குத் தெரியாமலே அதைத் துடைத்துவிட்டார்கள். தழும்பு இல்லாத முகத்தோடு போய்ப் பேசிவிட்டு வந்தவர்கள், எதிரே இருந்தவர் தன் தழும்பைப் பார்த்து இறுக்கமாக நடந்துகொண்டதாகச் சொன்னார்கள். இதைப் படித்தபிறகு நானும் கொஞ்சம் மாறினேன். லிஃப்டில் போனை எடுப்பவர்கள் எல்லோரும் என்னைக் கண்டு ஒளிவதில்லை. சிலருக்கு நிஜமாகவே போன் வருகிறது.

ஆகையால் தவறிப்போய் ஏதாவது சொல்லிவிட்டால் பயந்துவிடாதீர்கள். "வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்பது தப்பே இல்லை, நானும் அப்படித்தான் சொல்வேன். நிஜமாகவே தப்பாகிவிட்டால் ஒருமுறை மன்னிப்புக் கேட்டால் போதும். ஒருநாள் ஒரு சக ஊழியர், நான் ஒரு ஃபைலை உடனே எடுத்து வராததற்கு, "என்ன, கால்ல ஆணி அடிச்சா வெச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டு அப்படியே வெளிறிப்போனார். பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்டார். கடைசியில் நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்ற வேண்டியதாயிற்று. அப்போது அவர் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "மன்னிச்சுக்கோங்க, வாய் தவறிடுச்சு. சரி, அந்த ஃபைல் எங்கே இருக்கு?"